இடது மூலையில் ஒரு மங்கல்

அம்மாவும் மகளும் சேர்ந்து கடைசியாகச் செய்த சாதாரண வேலை, டிவியைத் துடைத்தது.

துடைத்தது மகள். அம்மா சமையலறைக் கதவோரம் முக்காலியில் உட்கார்ந்து வேலை வாங்கினாள். சுவரை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு தொங்கிய அந்தப் பெரிய டிவி அணைந்திருந்தது. மகளின் கையில் மூக்குக்கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணி.

“இன்னும் கீழ.”

“கீழதாம்மா துடைக்கிறேன்.”

“இன்னும் இடது பக்கம். மூலையில.”

“மூலையிலயேதான் நிக்கிறேன். இதுக்கு மேல போனா சுவரைத்தான் துடைக்கணும்.”

“வாய் நல்லா வேலை செய்யுது. கை எங்க போச்சு?”

கிண்டல் என்று நினைத்து மகள் சிரித்தாள். அம்மாவின் வாய்க்குப் பழக்கப்பட்டவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள். அந்த வாய் கடைத்தெரு முழுக்கப் பிரசித்தம்.

கடைத்தெருவில் மூன்று தளமுள்ள வீட்டுச் சாமான் கடை ஒன்று உண்டு. கீழே ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும், நடுவில் டிவி, மேலே முதலாளி. மகள் நடை பழகுவதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள் அம்மா. டிவித் தளத்தில் விற்பனைக்கு நின்றவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போனார். கூட்டம் நெருக்கியடித்தது. “நீ கொஞ்சம் நில்லு” என்றார் முதலாளி. அந்தக் கொஞ்சம், முட்டி தேயும்வரை நீண்டது.

முதல் நாள் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவன் டிவிக்கு நேர் எதிரே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தான். மனைவி ஓரமாக நின்றாள். அம்மா கணவனை விட்டுவிட்டு அவளிடம் போனாள்.

“வீட்ல நீங்க எங்க உக்காந்து பார்ப்பீங்க?”

“உக்காரவா? நல்லாக் கேட்டீங்க. சமையக்கட்டு வாசல்ல நின்னு பார்ப்பேன்.”

அம்மா அவளை அந்த அளவுக்கு ஒதுக்கி நிறுத்தி, அங்கிருந்து பார்க்கச் சொன்னாள். நேரே நின்றால் திரையில் ரோஜா நிறமாக இருந்த முகம், ஓரத்திலிருந்து சாம்பல் பூத்துக் கிடந்தது. “உங்க வீட்டுக்காரருக்கு இது நல்ல டிவி. உங்களுக்கு இது ஆகாது” என்றாள். அவர்கள் அதை விட்டு வேறொன்றைப் பார்த்தார்கள்.

முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். “நீ என் கடையில வேலை பார்க்கிறியா, எதிர்க்கடையிலயா?”

“திரும்பி வராத மாதிரி விக்கிறேன், முதலாளி.”

அது நடந்தது. அம்மா விற்ற டிவி திரும்பி வருவது அபூர்வம். அதற்குப் பிறகு முதலாளி அவள் வழிக்கு வரவில்லை. குறையைச் சொல்லி விற்கிறவள் என்று பேர் பரவியது. ஆட்கள் வந்து “டிவி அக்கா இருக்காங்களா?” என்று கேட்டு, இல்லை என்றால் மறுநாள் வந்தார்கள்.

அம்மாவுக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் டிவியை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்வாள். “வீட்ல டிவி பாதி நேரம் அணைஞ்சுதான் கிடக்கும். அப்ப எப்படி இருக்குன்னு பாருங்க. உங்க மூஞ்சி தெரியுதா? ஜன்னல் தெரியுதா? தெரிஞ்சா பகல்ல சீரியல் பார்க்க மாட்டீங்க, உங்களைத்தான் பார்ப்பீங்க.” அடுத்து இருட்டான காட்சி. அதற்கடுத்து ஒரு மனித முகம். கடைசியாக, ஓரத்தில் போட்ட முக்காலியில் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்வாள். நடுவில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு எல்லா டிவியும் நல்ல டிவிதான் என்பது அவள் கட்சி. நிறையென்று ஒன்றே ஒன்றைத்தான் சொல்வாள், அதையும் கடைசியில்.

“ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணிடலாம்” என்பாள். “ஆனா டிவி விக்க முடியாது. தினமும் சாயங்காலம் அதுவே உண்மையைச் சொல்லிடும்.”

அவள் விற்றதை வீடுகளில் மாட்டிக் கொடுத்தவர் ஆணி. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் கடையில் யாருக்கும் தெரியாது. ஒல்லியான மனிதர், நிமிர்ந்து நிற்பார், அதனால் ஆணி. சுவரில் ஆணி அடிக்கிறவர், அதனாலும் ஆணி. அம்மாவை அக்கா என்பார். மகளை இன்னும் பாப்பா என்பார். மட்டம் பார்க்கும் குழாயைச் சட்டைப் பையில் பேனா மாதிரி செருகிக்கொண்டு திரிவார்.

“டேய் ஆணி, கோணலா மாட்டினா படமும் கோணலாத்தான் ஓடும், தெரியுமில்ல?”

“படம் ஏற்கெனவே கோணல்தான் அக்கா. நான் மட்டும் நேரா மாட்டி என்ன ஆகப்போகுது?”

இத்தனை டிவி விற்றவள் வீட்டில் இருந்தது ஒரு சின்னப் பழைய பெட்டி. நாளெல்லாம் எச்சில் ஊறப் பரிமாறுகிறவனுக்கு வீட்டில் பசி எடுக்காது. அம்மாவும் அப்படித்தான். வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வாள்.

மகள் படித்து, அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் கூடம் ஒன்றில் பொறியாளர் ஆனாள். தொழிற்சாலைகளின் தராசு, வெப்பமானி, அழுத்தமானி, ஒளிமானி எல்லாம் அங்கே வரும். அவை சொல்வது நிஜமா என்று பார்த்துச் சான்று கொடுத்து அனுப்புவார்கள். அம்மாவுக்கு மகளின் வேலை பிடித்திருந்தது. “நானும் அதைத்தானே செஞ்சேன். எனக்குச் சான்று குடுக்கத்தான் ஆள் இல்ல” என்பாள்.

முட்டிவலி முற்றி அம்மா வேலையை விட்டபோது, கடையிலிருந்த மிக உயர்ந்த ரக டிவியை மகள் வாங்கினாள். பின்னாலிருந்து விளக்கு அடிக்காமல், புள்ளிக்குப் புள்ளி தானே எரிகிற ரகம். கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்தே போகும். விரல் கனம்கூட இல்லாத கண்ணாடி. ஆணி அதைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்து மாட்டினார்.

அன்று சாயங்காலம் அம்மா தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தாள். மகள் அலுவலகத்திலிருந்து ஒளிமானி கொண்டுவந்திருந்தாள். இருவருக்கும் அது ஒரு விளையாட்டு.

“அணை” என்றாள் அம்மா. “ம். ஜன்னல், நாற்காலி, நீ, நான், எல்லாம் தெரியுது. கண்ணாடி வாங்கின காசு மிச்சம். குறை ஒண்ணு.”

“அடுத்தது?”

“சத்தத்தைக் கூட்டு. பாரு, தகர டப்பாவுக்குள்ள பேசுற மாதிரி. உடம்பு இவ்ளோ ஒல்லியா இருந்தா குரல் எங்கிருந்து வரும்? ஆணி மாதிரி. குறை ரெண்டு. இந்த ஆளு ஏன் ஐஸ்ல வழுக்கிட்டு நடக்கிறான்?”

“அது அசைவைச் சீராக்குற ஏற்பாடும்மா. அணைச்சுடலாம்.”

“முதல்ல அணை. பகல் வெளிச்சத்துல மங்கும், ஜன்னல் திரையை இழுத்து விட்டாத்தான் உண்டு. ஒரே சேனலைப் போட்டு வெச்சா அதோட முத்திரை பச்சை குத்தின மாதிரி பதிஞ்சுடும்னு கடையில சொல்வோம்.”

“நிறை?”

அம்மா விளக்கை அணைக்கச் சொன்னாள். திரையில் நட்சத்திரங்கள் நிறைந்த வானம் ஒன்று வந்தது. டிவியின் விளிம்பு எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அம்மா எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, சமையலறை வாசலுக்குப் போய் நின்று பார்த்தாள். அங்கிருந்தும் நட்சத்திரம் நட்சத்திரமாகவே இருந்தது.

“இங்கிருந்து பார்க்கிறவளுக்கும் சேர்த்துச் செஞ்சிருக்கான்” என்றாள். முக்காலி அன்று அந்த வாசலுக்குப் போனது. நடு சோஃபா காலியாக இருந்தாலும் அம்மா அங்கேதான் உட்கார்ந்தாள்.

சில வாரம் கழித்துத் தொடங்கியது.

“கீழ இடது மூலையில ஒரு மங்கல் இருக்கு.”

மகள் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

“செய்தி ஓடுற வரியைப் பாரு. கடைசி வரைக்கும் போகலை. மூலைக்கு வர்றதுக்கு முன்னாடியே எழுத்தை முழுங்கிடுது.”

மகள் ஒளிமானியை வைத்து அளந்தாள். நடுவிலும் நான்கு மூலைகளிலும் ஒரே அளவு. முக்காலி இருந்த இடத்திலிருந்தும் அளந்தாள். அதே அளவு.

“உன் மானிக்கு என்ன தெரியும்?” என்றாள் அம்மா. “நான் எத்தனை செட் பார்த்தவ.”

மகளின் கூடத்தில் ஒரு விதி உண்டு. இரண்டு கருவிகள் ஒத்துப்போகாவிட்டால், எதற்குச் சரிபார்ப்பு நாள் நெருங்குகிறதோ அதை முதலில் சந்தேகப்படு. ஒளிமானிக்கு நாள் நெருங்கியிருந்தது. அதைப் பெட்டியில் போட்டுத் தலைமைக் கூடத்துக்கு அனுப்பினாள். அம்மாவின் கண்ணை அவள் கருவியாக நினைக்கவில்லை. அது அவளுக்கு அளவுகோல். அளவுகோலை யாரும் சரிபார்க்க அனுப்புவதில்லை.

மானி திரும்பி வரும்வரை அம்மா காத்திருக்கவில்லை. ஆணியைக் கூப்பிட்டாள். அவர் வந்து, குனிந்து, நிமிர்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியலையே அக்கா.”

“உனக்கு எப்படித் தெரியும்? தூக்கும்போது அந்த மூலையில கட்டைவிரலை வெச்சு அழுத்தினவனே நீதான். மெல்லிசுக் கண்ணாடிடா. உள்ள நசுங்கியிருக்கும்.”

“அழுத்தலையே...”

“யானைக்கும் அடி சறுக்கும். ஒத்துக்கோ, போச்சு.”

ஆணி ஒத்துக்கொள்ளவில்லை. தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு படியிறங்கினார். அம்மா கடைக்கு ஃபோன் செய்து சொன்னாள். கோபத்தில் சொல்லவில்லை. மற்ற வீடுகளில் இப்படி ஆகக் கூடாது, கவனமாகத் தூக்கச் சொல்லுங்கள் என்றுதான் சொன்னாள். ஆனால் அந்தக் கடையில் அக்கா ஒரு செட்டைக் குறை என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. பழைய முதலாளி இடத்தில் இப்போது அவர் மகன். அவன் ஆணியை உயர்ந்த ரகங்களிலிருந்து எடுத்தான். பிறகு எல்லா ரகத்திலிருந்தும் எடுத்தான். ஆணி கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்கப் போனார். இது அம்மாவுக்குத் தெரியவந்தபோது முகம் சுருங்கியது. “இவ்ளோ செய்வான்னு நினைக்கலையே. சரி, தப்பு தப்புதான்” என்றாள். அன்று அவள் டிவி போடவில்லை.

ஒளிமானி திரும்பி வந்தது. பிழை இல்லை என்று சான்று. மகள் அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைதான், “ஒருவேளை வெறும் அழுக்கோ என்னவோ, துடைச்சுப் பார்ப்போம்” என்று அம்மாவே துணியை எடுத்துக் கொடுத்தாள்.

துடைத்து முடித்து மகள் முக்காலி அருகே வந்து நின்றாள், அம்மாவின் இடது தோள் பக்கம். எதிரே அணைந்த டிவி. முதல் குறையென்று அம்மா சொன்ன அந்தக் கண்ணாடிக் கறுப்பில் அறை முழுக்கத் தெரிந்தது. ஜன்னல், நாற்காலி, முக்காலியில் அம்மா, பக்கத்தில் மகள்.

“போச்சா அழுக்கு?” என்றாள் மகள்.

அம்மா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ எங்க போனே?”

“இங்கதாம்மா நிக்கிறேன்.”

“எங்க?”

“உன் பக்கத்துலதான். டிவியில தெரியலையா?”

அம்மா தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பினாள். மகள் அகப்பட்டாள். மறுபடி நேரே பார்த்தாள். மகள் காணாமல் போனாள். எழுந்து, சமையலறையின் மறுகோடியிலிருந்த அலமாரியைப் பார்த்தாள். அதிலும் கீழே இடது மூலை இல்லை. ஜன்னலைப் பார்த்தாள். அதிலும் இல்லை. போகிற இடமெல்லாம் மங்கல் கூடவே போயிற்று. ஒரு செட்டைச் சோதிப்பது போல, அவசரப்படாமல், வரிசையாகச் சோதித்தாள்.

பிறகு முக்காலியில் உட்கார்ந்தாள்.

“அப்ப இது நல்ல செட்டு” என்றாள்.

“டாக்டர்கிட்ட போலாம்மா. நாளைக்கே.”

“ஆணி அழுத்தலை.”

“அம்மா...”

“அவன் அழுத்தலைடி. அன்னிக்கே சொன்னான். கடைக்குப் போய்ச் சொல்லணும்.”

“இப்பவே ஃபோன் போட்டுத் தரேன். சொல்லிடு.”

“பழியைப் போட்டது ஃபோன்ல. எடுக்கிறதும் ஃபோன்லயா?” என்றாள் அம்மா. “நேர்ல போகணும். நடுமாடியில எல்லாரும் நிக்கும்போது, என் கண்ணு தப்பு, அவன் கை தப்பில்லைன்னு சொல்லணும். இல்லன்னா அந்தப் பேரு அவனை விட்டுப் போகாது.”

கண் டாக்டர் கண்ணில் குறை இல்லை என்றார். பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே தலையைப் படம் எடுத்தார்கள். மூளையில் கண் பார்த்ததை வாங்கிக்கொள்கிற இடத்தில், வலப்பக்கம், ஒரு கட்டி. படத்தை மகளும் பார்த்தாள். வெளிச்சப் பலகையில், நல்ல கறுப்புக்கு நடுவே, வெள்ளையாக, தெளிவாக இருந்தது. அதைப் பார்க்கப் படிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

உடனே சேர்த்துக்கொண்டார்கள். வார்டின் சுவரில் ஒரு டிவி தொங்கியது. அம்மா அதைச் சற்று நேரம் பார்த்தாள். “இது நடுவில உக்காந்தாலும் நல்லா இல்லை” என்றாள். நர்ஸ் சிரித்தாள். அறுவை சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அம்மா மகளை வலப்பக்கமாக வரச் சொன்னாள். அங்கே இருந்தால்தான் தெரியுமாம். கதவு வரை மகள் அந்தப் பக்கமாகவே நடந்தாள்.

அம்மா கண் விழிக்கவில்லை.

எல்லாரும் வந்து போன பிறகு ஆணி வந்தார். சட்டைப் பையில் மட்டக்குழாய் இல்லை. முக்காலியைப் பார்த்தார், அதில் உட்காரவில்லை. டிவி முன்னால் போய் நின்றார். குனிந்து கீழ் மூலையைப் பார்த்தார்.

“தெரியுது பாப்பா” என்றார். “அன்னிக்கு எனக்குத் தெரியலை. இப்பத் தெரியுது. இதோ, லேசா. அக்கா சொன்னது சரிதான்.”

“அங்க ஒண்ணுமில்ல மாமா.”

“இருக்கு. தூக்கும்போது ஒரு நிமிஷம் கை வழுக்கின மாதிரி எனக்கே ஞாபகம் வருது. நான்தான் அழுத்தியிருக்கேன்.”

மகள் அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். கட்டி இருந்த இடம், கண்ணாடியில் தான் காணாமல் போனது, ஒளிமானியின் சான்று, அம்மாவின் வாயால் வந்த வார்த்தைகள். ஆணி கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து நீர் இறங்கியது, துடைக்கவில்லை.

“அப்படிச் சொன்னாங்களா? எல்லார் முன்னாடியும் சொல்றேன்னா?”

“ஆமா மாமா.”

“வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றார். எழுந்து நின்று, “போகட்டும். அக்கா தப்புன்னு என் வாயால எங்கேயும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே” என்றார்.

மகள் கேட்கவில்லை. மறுவாரம் கடைக்குப் போனாள். நடுமாடியில் வரிசையாக டிவிகள் ஒரே கடல் காட்சியை ஓட்டிக்கொண்டிருந்தன. சின்ன முதலாளி எழுந்து நின்று வணக்கம் சொன்னான். அவள் மேஜைமேல் அளவுகளை வைத்தாள். சான்றை வைத்தாள். மருத்துவமனை அறிக்கையையும் வைத்தாள். அவன் மரியாதையாக எல்லாவற்றையும் பார்த்தான்.

“புரியுதுங்க” என்றான். “அம்மாவால ஒருத்தர் பொழைப்பு போச்சுன்னு பேர் வரக் கூடாதுன்னு நினைக்கிறீங்க. பெரிய மனசு. ஆனா அவரே இப்ப என்கிட்ட வந்து ஒத்துக்கிட்டாரே, நான்தான் அழுத்தினேன்னு.”

“அவர் எங்க அம்மாவுக்காகச் சொல்றார்.”

“இருக்கலாம். அக்காவே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற விஷயம்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “இங்க இருக்கிற பசங்க யார்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க. அக்கா கண்ணு தப்பும்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்.”

விற்பனைக்கு நின்ற இருவர் தலை குனிந்துகொண்டார்கள். மகள் காகிதங்களை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வாசலில் நின்றாள். எதிரே சிக்னல் விழுந்து வண்டிகள் நின்றிருந்தன.

அம்மாவைப் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போன அன்றும் இங்கேதான் சிக்னல் விழுந்தது. வாடகைக் கார் இந்த வாசலுக்கு நேராக நின்றது. கடை இடது பக்கம். அதைப் பார்க்க அம்மா இருக்கையில் முழுசாகத் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்ததும் கதவுக் கைப்பிடியில் கை வைத்தாள்.

“ஒரு எட்டுப் போய்ட்டு வந்துடறேன். மாடி ஏறி ஒரே ஒரு வார்த்தை.”

“டாக்டர் கிளம்பிடுவாரும்மா. வரும்போது போலாம்.”

அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு கைப்பிடியை விட்டாள். முன்னால் சாய்ந்து டிரைவரின் தோளைத் தட்டினாள்.

“தம்பி, இந்தக் கடைதான். நல்லாப் பார்த்து வெச்சுக்கோ. வரும்போது மறக்காம நிறுத்தணும்.”

“சரிம்மா” என்றார் டிரைவர். சிக்னல் மாறியது.